பீரோவில் இருப்பதை வகுப்புக்குக் கொண்டுவருவது எப்படி? வடசென்னைத் தொடக்கப் பள்ளியில் புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு

பணி ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டு தண்டையார்பேட்டைக்கோ வியாசர்பாடிக்கோ திருவொற்றியூருக்கோ வந்து சேரும் புது ஆசிரியர்கள் முதல் வாரத்தில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, டி.எல்.எம். எல்லாம் நாமதான் கைக்காசு போட்டு வாங்கணுமா?" டி.எல்.எம். என்றால் கற்றல் கற்பித்தல் பொருள்கள்; அட்டை, சார்ட் மாதிரி.

வேண்டாம். குறைந்தபட்சம், உடனே வேண்டாம். உங்கள் பள்ளியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு சார்ட் கூட வாங்காதீர்கள். இருபது வருடத்துக்கும் மேலாக இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் பாடம் நடத்துகிறேன். பாடத்திட்டம் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு வண்டிப் பொருள் பள்ளிக்கு வந்து இறங்குகிறது. அதில் பாதி வகுப்பறைக்குள் நுழைவதே இல்லை. நுழைய வைப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள்: பள்ளி யாருடையது?

வடசென்னையில் ஒரே தெருவில் மாநகராட்சிப் பள்ளியும் அரசு உதவி பெறும் பள்ளியும் இருக்கும். இரண்டிலும் பாடநூல் ஒன்றுதான், விலையில்லாமல்தான் வருகிறது. ஆனால் சுண்ணாம்பு அடிக்க, பெஞ்சு வாங்க, பீரோ கேட்க யாருக்கு எழுத வேண்டும் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். மாநகராட்சிப் பள்ளி என்றால் மண்டலம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். திருவொற்றியூர் 1, மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, இராயபுரம் 5, திரு.வி.க. நகர் 6. பயிற்சியும் பயிற்சி நூல்களும் எந்த வட்டார வள மையம் வழியாக வருகின்றன என்பதைத் தனியாகக் கேளுங்கள். பள்ளியின் அடையாளமான 11 இலக்க யூடைஸ் எண்ணையும், பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் இணையத்தளமான இமிஸில் உங்கள் நுழைவு விவரத்தையும் அன்றே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் அலைச்சல் இல்லை.

முதல் வாரம்: பீரோவைத் திறப்பது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், கொஞ்சம் பக்குவமாகச் செய்ய வேண்டியதும் இதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில் என் வகுப்பறைக்குப் பின்னால் ஒரு பச்சை பீரோ இருந்தது. சாவி மூத்த ஆசிரியை ஒருவரிடம். உள்ளே என்ன என்று கேட்டால், "ஆடிட்டுக்குக் காட்ட வேண்டியது" என்பார். எட்டு மாதம் கழித்து அவர் மாற்றலாகிப் போனபோது சாவி என் கைக்கு வந்தது. திறந்து பார்த்தால் கம்பியில் மணி கோத்து எண்ணிக்கை சொல்லித் தரும் மணிச்சட்டம் பத்து, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல். உறை மட்டும் பழுத்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்த எட்டு மாதமும் நான் இடமதிப்பைக் கரும்பலகையில் கோடு போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. ஒரு மணி தொலைந்தால் தன் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று பயந்தவர்.

அதனால், போன உடனே சாவி கேட்காதீர்கள். தலைமையாசிரியரிடம் இருப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். "சார், பதிவேட்டையும் பொருளையும் ஒருமுறை சரிபார்த்துத் தர்றேன்" என்றால் மறுக்கிற எச்.எம். யாரும் இல்லை. அது அவருக்கே பெரிய பாரம் குறைவது. சனிக்கிழமை வேலை நாளோ மாலை நேரமோ பார்த்து, ஒவ்வொரு பொருளாக எடுத்து, தூசி தட்டி, பதிவேட்டில் டிக் அடியுங்கள்.

எங்கள் பக்கத்துப் பழைய பள்ளி என்றால் என்னென்ன கிடைக்கும் என்று சொல்கிறேன். அடியில் செயல்வழிக் கற்றல் அட்டைகள் இருக்கலாம். பிள்ளை அட்டைகளை வைத்துத் தானே செய்து பார்த்துக் கற்கும் முறை அது. அந்த முறை 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில்தான் முதலில் தொடங்கியது. 2007-08-ல் மாநிலம் முழுக்கப் போனது. ஏணி, படக்குறி, தட்டு, கம்பிப் பந்தல், கீழ்மட்டக் கரும்பலகை எல்லாம் அந்தக் காலத்துச் சொற்கள். அதற்கு மேல் 2012-13-ல் வந்த முப்பருவ முறையின் மதிப்பீட்டுத் தாள்கள். அப்புறம் கணித உபகரணப் பெட்டி, ஆங்கிலப் பெட்டி, அறிவியல் பெட்டி. 2022-க்குப் பிறகு, அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பொருள்கள். ஒரு பீரோவைத் தட்டு தட்டாகப் பார்த்தாலே இருபது வருடப் பாடத்திட்ட மாற்றம் தெரிந்துவிடும்.

"முறை மாறிடுச்சே, பழசு எதுக்கு?" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூன் 13 அன்று, நமக்குப் பக்கத்தில் புழல் ஒன்றியத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. முதலில் 1 முதல் 3 வகுப்பு, அடுத்த ஆண்டு 4, 5. வகுப்பைப் பார்க்காமல், குழந்தை எங்கே நிற்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித் தருவதுதான் அதன் அடிப்படை. முதல் நிலையான அரும்பில் இருக்கும் குழந்தைக்கு ஒரு படத்தைக் காட்டி ஒரு சொல் சொல்ல வைக்க, பழைய செயல்வழிக் கற்றல் அட்டையை மிஞ்ச எதுவும் இல்லை. மணலி, மாதவரம் பக்கம் வெளிமாநிலத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள். தமிழ் எழுத்தே புதிதான அந்தப் பிள்ளைகளோடு முதல் ஒரு மாதம் நான் பேசியது அந்தப் பட அட்டைகளை வைத்துத்தான்.

பயமில்லாமல் புழக்கத்தில் விட

பொருளைக் குழந்தைகள் கையில் கொடுத்தால் உடையும், கிழியும், ஒன்றிரண்டு வீட்டுக்கும் போகும். போகட்டும். அதை எழுத்தில் வைக்கத் தெரிந்தால் போதும்.

ஒரு 80 பக்க நோட்டு எடுங்கள். "3-ம் வகுப்புக்கு வழங்கிய பொருள்" என்று தலைப்பு. தேதி, பொருள், எண்ணிக்கை, பெற்றவர் கையெழுத்து, எச்.எம். கையெழுத்து. இருப்புப் பதிவேட்டில் அந்தப் பொருள் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்க எண்ணையும் எழுதுங்கள். மாதக் கடைசியில் உடைந்ததை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, "மணிச்சட்டம் 1, கம்பி வளைந்தது, வகுப்பில் பயன்படுத்தும்போது" என்று ஒரு வரி. உடைந்த துண்டை மட்டும் தூக்கி எறியாதீர்கள். ஆண்டு இறுதியில் கழிவுப் பட்டியல் போடும்போது துண்டு இருந்தால் கேள்வி இருக்காது. சார்ட், ஸ்கெட்ச் பேனா, பசை மாதிரி தீர்ந்துபோகும் பொருளை நிலையான பொருளோடு சேர்த்து ஒரே பதிவேட்டில் எழுதியிருந்தால், முதல் வேலையாக இரண்டையும் பிரித்துத் தனிப் பதிவேடு போடச் சொல்லுங்கள். பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

இப்படி எழுதி வைத்த ஆசிரியர் யாரும் தணிக்கையில் கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை. பூட்டி வைத்துவிட்டு, கரையான் அரித்த பிறகு விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாடநூலும் பயிற்சி நூலும்: எண்ணிக்கை எங்கே தப்புகிறது

பாடநூல், எண்ணும் எழுத்தும் பயிற்சி நூல், ஆசிரியர் கையேடு இவை மூன்றும் பருவத்துக்குப் பருவம் வரும். வந்த அன்றே எண்ணுங்கள். குறைந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இமிஸ். அங்கே இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் எல்லாம் அனுப்பப்படுகிறது. வடசென்னையில் குடும்பங்கள் அடிக்கடி இடம் மாறுகின்றன. வாடகை ஏறினால் அடுத்த பேட்டைக்கு, வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டினால் ஊருக்கு வெளியே, அப்புறம் திரும்பி இங்கேயே. பழைய பள்ளி அந்தப் பிள்ளையைக் காமன் பூலுக்கு, அதாவது பள்ளி மாறும் பிள்ளைகளுக்கான இமிஸின் பொதுப் பட்டியலுக்கு, அனுப்பியிருக்காது. பிள்ளை உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும், ஆனால் கணக்கில் இருக்காது. கணக்கில் இல்லாத பிள்ளைக்கு நூல் வராது. ஆகவே சேர்க்கை நடந்த வாரமே பழைய பள்ளிக்கு போன் போட்டு, இமிஸில் விடுவிக்கச் சொல்லி, உங்கள் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.

அதற்குள் பருவம் ஓடிவிடும் என்றால் பக்கத்துப் பள்ளியில் கேளுங்கள். ஒரு பள்ளியில் ஐந்து குறைந்தால் இன்னொன்றில் நாலு மிஞ்சியிருக்கும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து பயிற்சிக்குக் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கு வருகிற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் கேட்டால் மதியத்துக்குள் பதில் வந்துவிடுகிறது. மாற்றிக்கொண்டதை இரண்டு பள்ளியும் எழுதி வைக்க வேண்டும். அதை மட்டும் மறக்காதீர்கள்.

உங்களுக்கென்று சொந்தமாக ஒரு படி வேண்டுமானால் பாடநூல் கழகத்தின் விற்பனை மையம் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், முன்பு டி.பி.ஐ. என்று சொன்ன பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்தில் இருக்கிறது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரலில் மாறி எழும்பூர் போய், அங்கிருந்து ஆட்டோவில் போகலாம். பிடிஎஃப் இலவசமாகவே இறங்குகிறது. ஆனால் ஆசிரியர் கையேட்டை மட்டும் தாளில் வைத்துக்கொள்வது நல்லது. ஓரத்தில் பென்சிலால் எழுத இடம் வேண்டும். என் கையேட்டின் ஓரங்களில் எந்தச் செயல்பாடு 34 பிள்ளைகளுக்கு நடந்தது, எது 12 பேருக்கு மேல் நடக்காது என்று குறித்திருக்கிறேன். அடுத்த வருடம் எனக்கு அதுதான் கையேடு.

மாத இதழ்களையும் கேட்டு வாங்குங்கள். 4, 5 வகுப்புக்கு ஊஞ்சல், 6 முதல் 9 வரை தேன்சிட்டு, ஆசிரியருக்குக் கனவு ஆசிரியர். வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற வரிசைச் சின்னப் புத்தகங்கள் பள்ளியில் இருந்தால் அவற்றை அலமாரியில் அடுக்காதீர்கள். ஒரு கயிறு கட்டி, துணிக்கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். அட்டைப்படம் கண்ணில் பட்டால்தான் பிள்ளை கை நீட்டும்.

கைக்கணினி, ஸ்மார்ட் போர்டு, க்யூஆர் கோடு

2018-ல் வந்த புதுப் பாடநூல்களிலிருந்து க்யூஆர் கோடு இருக்கிறது. தீக்‌ஷா செயலியில் திறந்தால் காணொளி வரும். 6 முதல் 12 வரை நடத்துபவர்களுக்கு 2023-ல் வந்த மணற்கேணி செயலி உண்டு. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு மாநிலம் முழுக்க 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள் என்று அரசு திட்டமிட்டுக் கொடுத்தது.

இதில் நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: முந்தின நாள் ராத்திரி வீட்டில் பார்த்து, இறக்கி வைத்துக்கொண்டு வாருங்கள். ஒருமுறை நீர்ச் சுழற்சிக் காணொளியை வகுப்பிலேயே திறந்தேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் முதலில் அதையே பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் கிள்ளினார்கள், பிறகு மணி அடித்தது. அன்றிலிருந்து இறக்கி வைக்காத எதையும் நான் வகுப்பில் காட்டுவதில்லை. காட்டுவதும் மூன்று, நான்கு நிமிடம்தான். நிறுத்தி, கேள்வி கேட்டு, மறுபடி ஓட்டுவேன். திரைக்கான எச்.டி.எம்.ஐ. கேபிள் கெட்டுப் போனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். பர்மா பஜாரில் கிடைக்கிறது. பில் மட்டும் கேட்டு வாங்குங்கள்.

புளியங்கொட்டை, கூறு, கொசுறு

காசிமேட்டுக்குப் பக்கத்தில் மூன்றாம் வகுப்பு நடத்தியபோது வகுத்தல் பாடம். 24-ஐ 6 ஆல் வகு என்று எழுதினேன். யாரும் அசையவில்லை. முன் வரிசையில் ஒரு பெண், பாட்டி துறைமுகத்தில் மீன் விற்பவர். அவள் முன்னால் 24 புளியங்கொட்டையைக் கொட்டி, "இதை ஆறு கூறு கட்டு" என்றேன். ஒவ்வொன்றாகப் போடவில்லை அவள். கையில் அள்ளி மூன்று மூன்றாக ஆறு இடத்தில் வைத்தாள். மிச்சக் குவியலைப் பார்த்தாள். ஒவ்வொரு கூறுக்கும் இன்னொன்று சேர்த்தாள். "நாலு மிஸ்." அடுத்து 26 கொடுத்தேன். ஆறு கூறு கட்டிவிட்டு இரண்டு கொட்டையைத் தனியாக ஒதுக்கி, "இது கொசுறு மிஸ்" என்றாள்.

மீதி என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் விளக்கவே இல்லை. வகுப்பு முழுக்க அந்தப் பருவம் மீதி என்றால் கொசுறுதான்.

அதனால் விலைக்கு வாங்கும் முன் பிள்ளைகள் வீட்டில் என்ன புழங்குகிறது என்று கேளுங்கள். கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கிளிஞ்சல், கிழிந்த வலைத் துண்டு. வலையின் கண்ணிகளை வரிசை வரிசையாக எண்ண வைத்தால் பெருக்கல் வாய்ப்பாடு அதில் இருக்கிறது. சொல்லட்டை செய்யப் புது சார்ட் வேண்டியதில்லை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை, காகிதக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வெட்டி மிஞ்சும் அட்டைத் துண்டு கேட்டால் மலிவாகத் தருவார்கள். நல்ல கெட்டி அட்டை, ஒரு வருடம் தாங்கும். மாலையில் கூட்டம் நெரியும், மதியத்துக்கு முன்னே போங்கள்.

பணம் எங்கிருந்து?

சமக்ர சிக்‌ஷா என்ற ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 31 முதல் 100 வரை என்றால் ஆண்டுக்கு 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை 50,000. அதில் 10 சதவீதம் தூய்மைக்கு. 2024-25-ல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கான அந்த நிதியை நிறுத்தி வைத்தது. 2,100 கோடிக்கு மேல். அப்படிப்பட்ட ஆண்டில் மானியத்தை மட்டும் நம்பி உட்கார முடியாது. இருப்பதைப் பயன்படுத்தத் தெரிந்த பள்ளிகள்தான் அப்போது சமாளித்தன.

எந்தப் பணமானாலும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் வேண்டும். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அதே சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான கற்றல் கற்பித்தல் உபகரணமும் செய்தித்தாள், இதழ், கதைப் புத்தகங்களோடு ஒரு நூலகமும் பள்ளியில் இருக்க வேண்டும் என்கிறது. கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். வெறுமனே "டி.எல்.எம். வேணும்" என்று கேட்டால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். பொருளைக் கையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள். தேய்ந்துபோன எழுத்தட்டையை ஒரு அம்மாவிடம் கொடுத்து, "இதுல என்ன எழுத்துன்னு தெரியுதாம்மா?" என்று கேட்டேன் ஒருமுறை. தீர்மானம் அன்றே எழுதப்பட்டது.

பெரிய செலவுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி திட்டம் உண்டு. பழைய மாணவரும் நிறுவனங்களும் அதன் வழியாகக் கொடுக்கலாம். நன்கொடையைக் கையில் காசாக வாங்காதீர்கள், யார் கொடுத்தாலும்.

குறுவள மையத்தில்

சி.ஆர்.சி. என்கிற குறுவள மையக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். கையேட்டில் எந்தப் பக்கத்துச் செயல்பாடு உங்கள் வகுப்பில் நடக்கவில்லை என்று குறித்துக்கொண்டு போய், ஆசிரியர் பயிற்றுநரிடம் அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் செய்து காட்டுகிறார்கள். பக்கத்தில் உட்காரும் ஆசிரியரின் பெயரும் பள்ளியும் எழுதிக்கொள்ளுங்கள். புத்தகம் குறையும்போது அவரைத்தான் கூப்பிடப் போகிறீர்கள்.

ஐப்பசி மழைக்கு முன்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, எண்ணூர் எல்லாம் தண்ணீர் நிற்கிற இடம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பீரோவின் கீழ்த் தட்டில் இருந்த பயிற்சி நூல்கள் ஊறிப் பருத்துவிட்டன. இழுத்தாலும் வரவில்லை. அதனால் முதல் பருவத் தேர்வு முடிந்ததும் கீழ்த் தட்டைக் காலி செய்துவிடுங்கள். தாள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு மேலே போகட்டும். மணிச்சட்டம், எடைக்கல், பிளாஸ்டிக் உருவங்கள் கீழே இருக்கலாம். கடல் காற்று அடிக்கும் பள்ளியில் இரும்பு பீரோவின் அடிப்பலகை துருப்பிடித்து ஓட்டை விழும், நான்கு காலுக்கும் கீழே செங்கல் வையுங்கள். அட்டைகளை மூட்டையாகக் கட்டிப் பாலிதீன் பையில் போடும் முன் ஒரு நாள் வெயிலில் காயப்போட வேண்டும். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

கடைசியாக, பீரோ கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். மேல் தட்டில் என்ன, இரண்டாவதில் என்ன, எந்தப் பெட்டியில் எத்தனை, எது எந்த வகுப்பில் இருக்கிறது. பேனாவில் எழுதினால் ஈரத்தில் கலைந்துவிடும், பென்சில் நல்லது. மாற்றலாகிப் போகும் நாளில் சாவியை அடுத்து வருபவர் கையில் நேராகக் கொடுத்து, கதவைத் திறந்து அந்தத் தாளைக் காட்டிவிட்டுப் போங்கள்.